அன்லிமிடெட் டேட்டா: எது தீராது, எது தீரும்?

மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காடு ஏரிக்கரையில் போனை எடுத்துப் பாருங்கள். சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கும். டேட்டாவும் பாக்கி இருக்கும். ஆனால் ஒரு வீடியோவைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே போன், அதே பிளான், நடுராத்திரியில் அதே இடத்தில் தடையில்லாமல் ஓடும்.

அந்தக் கோடுகள் காட்டுவது ரேடியோ அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டும்தான். அந்த டவரை உங்களோடு எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதை அவை சொல்லாது.

பங்கு எப்படிப் பிரிகிறது? 4ஜி டவர் பெரும்பாலும் சுற்றுப்புறத்தை மூன்று திசைகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு திசைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருந்தால், ஓரத்தில் விடும் இடைவெளி போக, அது தலா 180 கிலோஹெர்ட்ஸ் கொண்ட 100 துண்டுகளாகும். எந்தத் துண்டு எந்தப் போனுக்கு என்பதை டவரில் உள்ள மென்பொருள் நொடிக்கு ஆயிரம் முறை முடிவு செய்கிறது. சாதாரண 4ஜி-யில் அத்தனை துண்டும் ஒரே ஆளுக்குக் கிடைத்தால் நொடிக்கு 150 மெகாபிட் வரை வேகம் வரும். நல்ல தெளிவான வீடியோவுக்கு 5 மெகாபிட் என்று வைத்தால், 30 பேரோடு தீர்ந்தது.

நடப்பில் அந்த 30 பேருக்கும் போதாது. டவருக்கு எதிரே நிற்பவருக்கு அலையின் ஒவ்வொரு துடிப்பிலும் 6 பிட் ஏற்றலாம். சிக்னல் மங்கியவருக்கு 2 பிட்தான் ஏற்ற முடியும், அதிலும் பெரும்பங்கு பிழை திருத்தத்துக்கே போய்விடும். அடிவாரத்திலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில், பாறை மறைவில் காருக்குள் இருந்து வீடியோ பார்ப்பவருக்கு அதே வீடியோவைக் கொடுக்க டவர் மூன்று மடங்குக்கும் மேல் துண்டுகளைச் செலவழிக்கிறது. அந்த அளவுக்கு மற்றவர்களின் பங்கு குறைகிறது.

சரி, இவ்வளவு நெருக்கடியான ஒன்றை எப்படி 'அன்லிமிடெட்' என்று விற்கிறார்கள்? டேட்டா என்பது குடோனில் அடுக்கி வைக்கும் சரக்கு இல்லை. விடியற்காலை 3 மணிக்கு யாருக்கும் போகாத துண்டு அந்த மில்லிநொடியோடு போய்விடும். இரவு 8 மணிக்கு அதை எடுத்துத் தர முடியாது. ஆனால் டவர் வாடகையும் அலைவரிசை ஏலத்தில் கட்டிய பணமும் எப்படியும் செலவுதான். ஆகவே நெரிசல் இல்லாத நேரத்தில் இன்னொரு ஜிபி கொடுப்பதால் கம்பெனிக்கு ஏறக்குறைய நஷ்டமே இல்லை. அன்லிமிடெட் மீல்ஸ் போடும் ஓட்டல்காரரின் கணக்குதான்: சராசரி வயிறு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும், எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தால்தான் திணறல். சேலத்தில் பகலில் ஐந்து ரோட்டிலும் புதிய பஸ் நிலையத்திலும் கூடும் கூட்டம் இரவில் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று பல டவர்களுக்குப் பிரிந்துவிடும். ஏற்காட்டின் விடுமுறைக் கூட்டத்தில் பெரும்பகுதி ஏரியைச் சுற்றியே நிற்கும்.

2016 செப்டம்பரில் ஜியோ அழைப்புக்குக் காசே இல்லை என்று வந்தது. அது 4ஜி மட்டுமே கொண்ட நெட்வொர்க். குரலும் அதில் டேட்டாவாகவே போகும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 10 எம்பி அளவுதான் ஆகும். போட்டிக்கு மற்றவர்களும் தினசரி டேட்டா பிளானுக்கு இறங்கினார்கள். 2018-ல் வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. தமிழ்நாட்டில் ஏராளமானோர் வைத்திருந்த ஏர்செல் அதே ஆண்டு திவாலாகி மறைந்தது.

2022 அக்டோபரில் வந்த 5ஜி-யில் ஜியோவுக்கும் ஏர்டெல்லுக்கும் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் தலா குறைந்தது 100 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. முன்பு சொன்ன 20-க்கு ஐந்து மடங்கு. போதாததற்கு, டவரில் உள்ள டஜன் கணக்கான சிறு ஆன்டெனாக்கள் அலையைக் குவித்து, ஆள் இருக்கும் பக்கமாக அனுப்புகின்றன. ஒருவரை 5ஜி-க்கு நகர்த்தினால் அவர் விட்டுப்போகும் 4ஜி துண்டுகள் மற்றவர்களுக்கு மிச்சம். 5ஜி-யை அன்லிமிடெட்டாக அள்ளிக் கொடுத்ததில் இந்தக் கணக்கும் இருக்கிறது. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது அந்தச் சலுகை பெரும்பாலும் தினம் 2 ஜிபி-யும் அதற்கு மேலும் உள்ள பிளான்களோடு நின்றது. அப்புறம், இந்த உயர் அலைவரிசைக்கு மலையையும் சுவரையும் தாண்டும் திறன் குறைவு. சேர்வராயன் சரிவின் மறைவில் போன் 4ஜி-க்கு இறங்கினால் தினசரிக் கணக்கும் ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தத் தினசரி அளவு தீர்ந்த பிறகும் 'அன்லிமிடெட்' தொடரும் என்பார்கள், பல பிளான்களில் நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில். அந்த வேகத்தில் 24 மணி நேரமும் விடாமல் இறக்கினாலும் 691 எம்பி-தான் வரும். இதற்கு வரம்பில்லை என்று பெயர் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நெரிசல் நேரத்தில்தான் டவர் திணறுகிறது என்றால், அந்த நேரத்தில் நம் பகுதியில் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதைத்தான் பிளான் விலைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும்.