ஃபோட்டோகிராமெட்ரி: ஒளிப்பட அளவை

ஒரு பொருளைப் பல இடங்களில் நின்று, ஒன்றின் பரப்பு அடுத்ததிலும் விழும்படி படங்கள் எடுத்து, அந்தப் படங்களிலிருந்தே அதன் வடிவத்தையும் அளவையும் கணக்கிடுவது ஃபோட்டோகிராமெட்ரி. கிரேக்கத்தில் ஃபோஸ் என்றால் ஒளி, கிராம்மா என்றால் வரைந்தது, மெட்ரோன் என்றால் அளவு. 1867இல் இச்சொல்லை அச்சேற்றியவர் ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர். 1858இல் வெட்ஸ்லார் பேராலயத்தை அளக்க ஏறியபோது கீழே விழப் பார்த்தார். கட்டடத்துக்குப் பதில் அதன் படத்தை அளக்கலாமே என்று அதன்பிறகுதான் யோசித்தார்.

தமிழில் 'ஒளிப்பட அளவையியல்', 'புகைப்பட அளவியல்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். இலங்கையில் உயர்தர (A/L) மாணவரிடம் அளவையியல் என்றால் தருக்கப் பாடத்தைத்தான் நினைப்பார். அளவியலோ மெட்ராலஜிக்கு, அதாவது அளத்தல் பற்றிய அறிவியலுக்கு, வழங்கும் சொல். நில அளவை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழகிய சொல் என்பதால் 'ஒளிப்பட அளவை' போதும், 'இயல்' தேவையில்லை. 'முப்பரிமாண ஸ்கேன்' என்பது மட்டும் தவறு. ஸ்கேனர் லேசரையோ ஒலியையோ அனுப்பித் தானே தூரத்தை அளக்கும். கேமரா எதையும் அளப்பதில்லை.

வட அமெரிக்கப் பேரேரிகளில் மூழ்கிய கப்பல்களுக்கு இம்முறை இன்று பெரிதும் பயன்படுகிறது. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு நன்னீரில் வாழாது, ஆழத்தில் கடுங்குளிர். அதனால் 19ஆம் நூற்றாண்டு மரக்கப்பல்கள் பல அங்கே உருக்குலையாமல் இருக்கின்றன. 1881இல் மிச்சிகன் ஏரியில் மூழ்கிய டிரினிடாட் என்ற பாய்மரக் கப்பல், 2023இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து அல்கோமா ஊருக்கு அப்பால் சுமார் 82 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டு இம்முறையில் பதிவானது. ஆனால் 1980களின் கடைசியில் வெளிநாட்டுக் கப்பல்கள் சமநிலைக்காக அடியில் நிரப்பிவரும் அடிச்சுமை நீரோடு வரிச்சிப்பியும் குவாகா சிப்பியும் ஏரிகளுக்குள் வந்துவிட்டன. அவை நீரை வடிகட்டித் தெளிவாக்கியதால் படம் எடுப்பது எளிதாயிற்று. அதே சிப்பிகள் பலகைகளை அடையாய் மூடி, எடையால் மரத்தை முறித்து, இரும்பு ஆணிகளின் அரிப்பையும் கூட்டுகின்றன. அளக்க வேண்டிய அவசரம் இதனால்தான்.

படங்கள் 70 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். எந்தப் புள்ளியும் மூன்று படங்களிலாவது தெரிய வேண்டும். இரண்டு மீட்டர் தூரத்தில், வயல் உழுவதுபோல் நேர்வரிசையாய் நீந்தி மேலிருந்து எடுத்து, பிறகு 45 பாகைச் சாய்வில் பக்கங்களைச் சுற்றி வருவது வழக்கம். இடையில் ஜூம், ஃபோகஸ் எதையும் தொடக்கூடாது. விளக்கை லென்ஸுக்கு அருகில் வைத்தால் மிதக்கும் துகள்கள் பனிபோல் வெளுக்கும். கைநீளத்துக்குத் தள்ளி இருபுறமும் வைக்க வேண்டும். கால்துடுப்பு ஒருமுறை ஏரியின் அடித்தரையைத் தட்டினாலும் போதும், கிளம்பும் வண்டலில் அந்த வரிசை முழுதும் வீண். படங்களிலிருந்து மென்பொருள் உருவாக்கும் முப்பரிமாண மாதிரியில் கயிறு, மெல்லிய கம்பி போன்றவை பெரும்பாலும் விட்டுப்போகும். அவற்றை அருகில் போய்த் தனியே எடுக்க வேண்டும்.

தட்டைக் கண்ணாடி முகப்புக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்கு நீரில் பொருள்கள் சுமார் 1.33 மடங்கு பெரிதாகத் தெரியும். எனவே காற்றில் செய்த கேலிபரேஷன் (லென்ஸின் அளவுத் திருத்தம்) உதவாது. நீண்ட கப்பலை மேலிருந்து மட்டும் எடுத்தால் மாதிரி கிண்ணம்போல் வளைந்துவிடும். சாய்வுப் படங்களும் குறுக்கு வரிசைகளும் அதைத் தடுக்கும்.

இனி அளவு. படங்கள் மட்டும் இருந்தால் 40 மீட்டர் கப்பலும் 40 சென்டிமீட்டர் பொம்மையும் மென்பொருளுக்கு ஒன்றே. நீளம் துல்லியமாகத் தெரிந்த அளவுகோல்களை, குறைந்தது மூன்றையாவது, கப்பலின் இரு முனைகளிலும் நடுவிலும் வைக்க வேண்டும். இரண்டை வைத்து மாதிரியின் அளவை நிர்ணயித்து, மூன்றாவதை அளந்து பிழையைப் பார்க்கலாம். உயரத்துக்கு ஆழமானியை நம்புவோர் அதை நன்னீர் அமைப்புக்கு மாற்ற மறக்கக்கூடாது. கடல்நீர் அமைப்பிலேயே இருந்தால் 50 மீட்டரைச் சுமார் 48.5 என்று காட்டும்.

அழகாய்ச் சுழலும் மாதிரி கிடைத்ததும் மூலப் படங்களை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூலப் படங்கள், அளவுகோலின் நீளம், ஆழக் குறிப்பு மூன்றும் கையில் இருந்தால்தான், சில ஆண்டு கழித்து அதே கப்பலை மறுபடி எடுத்து, அதன் மேல்தளம் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட முடியும்.