கொழும்பில் அரச அலுவலகமும் தமிழும்: சிங்களம் தெரிந்தவருக்கும் உரிமை உண்டு

கொழும்பில் தமிழ் பேசுகிற பலருக்கும் சிங்களம் ஓரளவு வரும். பஸ்ஸில் மிச்சக் காசு கேட்க, புறக்கோட்டையில் விலை பேச, பக்கத்து வீட்டாரோடு சுகம் விசாரிக்க அது தாராளமாகப் போதும். காணிப் பத்திரம், பிறப்பத்தாட்சிப் பத்திரம், பொலிஸ் வாக்குமூலம் என்று வந்தால் அந்தச் சிங்களம் காணாது. அப்படியான இடங்களில் தமிழில் எதைக் கேட்கலாம், எந்தச் சட்டத்தை வைத்துக் கேட்கலாம், தராவிட்டால் எங்கே போகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி சிங்களம் அரசகரும மொழி, தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. தமிழுக்கு அந்த இடம் கிடைத்தது 1987 நவம்பரில், 13ஆவது திருத்தத்தோடு. இடைப்பட்ட காலத்தில் சிங்களப் பரீட்சையில் சித்தியடையாததற்காகச் சம்பள உயர்வை இழந்த தமிழ் அரச ஊழியர்கள் பலர். அவர்களில் ஒருவரான கோடீஸ்வரன், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் வழக்காடினார். 1969இல் வந்த அந்தத் தீர்ப்பு, அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போடலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான விபரங்கள் வந்தது 1988 டிசம்பரில், 16ஆவது திருத்தத்தில்தான். 22ஆம் உறுப்புரையை மட்டும் நன்றாக நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. வடக்கு கிழக்குக்கு வெளியே நிர்வாக மொழி சிங்களம். ஆனால் அங்கே வாழ்கிற எவரும் எந்த அரச அதிகாரியோடும் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளலாம், அலுவல் பார்க்கலாம், பதிலையும் அதே மொழியில் பெறலாம். சட்டப்படி நீங்கள் பார்க்க உரித்துடைய பதிவு ஏதாவது இருந்தால், அதன் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் கேட்கலாம். உங்களுக்கென்று அதிகாரி தயாரித்துத் தரும் ஆவணமும் அப்படியே. திணைக்களம், கூட்டுத்தாபனம், மாநகர சபை எல்லாம் இதற்குள் வரும். தனியார் வங்கியையும் தனியார் ஆஸ்பத்திரியையும் இந்த உறுப்புரை கட்டுப்படுத்தாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மொழிச் சிறுபான்மையினர் கணிசமாக வாழும் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக ஜனாதிபதி பிரகடனம் செய்யலாம். கொழும்பு, திம்பிரிகஸ்யாய இரண்டும் அப்படிப் பிரகடனம் செய்யப்பட்டவை. கொழும்புப் பிரிவில் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் அவர்கள்தான் பெரும்பான்மை. ஆக கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ வெள்ளவத்தையிலோ இருப்பவர் தமிழில் சேவை கேட்பது விசேட சலுகை கேட்பதாகாது.

சரி, கவுண்டரில் என்ன நடக்கிறது? ஒரு தாய் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். உள்ளே இருப்பவர் “சிங்கள தன்னவாத?” (சிங்களம் தெரியுமா?) என்று கேட்கிறார். தாய் மகளைப் பார்க்கிறார். பத்து வயதுப் பிள்ளை முன்னுக்கு வந்து பேசத் தொடங்குகிறது. அப்பா எங்கே, கல்யாணம் பதிவானதா, வீட்டு வருமானம் எவ்வளவு, எல்லாம் அந்தப் பிள்ளையின் வாய் வழியாகப் போய்த் திரும்பி வருகின்றன. வீட்டில் சத்தமாகச் சட்டம் பேசுகிற அம்மா அங்கே வாயில்லாதவராக நிற்பதைப் பிள்ளை பார்க்கிறது. அம்மாவின் மொழி வீட்டுக்கு மட்டும்தான், வெளியே அது செல்லாது என்று அதன் மனதில் பதிந்துவிடுகிறது. பத்திரம் பிந்திக் கிடைப்பதைவிட இதைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். இரண்டு மொழி பேசுகிற பிள்ளை இரண்டையும் பெருமையாக வைத்திருக்க வேண்டும். ஒன்றைக் கவுண்டர் வாசலில் ஒளித்து வைக்கும் நிலை அதற்கு வரக்கூடாது.

சிங்களம் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. கொழும்பில் வாழ்கிறவர் அதைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் சிங்களம் தெரியும் என்பதால் தமிழில் கேட்கும் உரிமை போய்விடாது. 22ஆம் உறுப்புரை உங்களுக்கு எந்த மொழி தெரியும் என்று எங்கேயும் கேட்கவில்லை. நீங்கள் எந்த இனம் என்றும் கேட்கவில்லை. மாளிகாவத்தை முஸ்லிம் வியாபாரிக்கும், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞனுக்கும் அதே உரிமைதான். கொம்பனித்தெருவில் வீட்டுக்குள் மலாய் பேசுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய மொழிக்கு அலுவலகத்தில் இடம் இல்லை. தன் மொழியைப் பயன்படுத்தும் சுதந்திரம் என்று 14ஆம் உறுப்புரை சொல்வது மட்டுமே அவர்களுக்குக் கையிருப்பு. அந்தக் குடும்பங்களைப் பார்க்கும்போது தமிழுக்குக் கையில் இருப்பதை நாம் வீணாக்கக் கூடாது என்று தோன்றும்.

வாயால் கேட்டுப் பயன் இல்லையென்றால் எழுத்தில் கொடுங்கள். “அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி இந்தக் கடிதத்துக்கான பதிலைத் தமிழில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று ஒரு வரி போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நாம் பேசாமல் சிங்களப் படிவத்தை யாரிடமாவது கொடுத்து நிரப்பிக்கொண்டு போனால், அந்த அலுவலகத்தில் தமிழ் தேவை என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சாது. தமிழ் தெரிந்தவர் இல்லை என்று கைவிரித்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று அந்த வருடம் வந்த சுற்றுநிருபம் சொன்னது. ஆள் இல்லை என்பது அலுவலகம் தீர்க்க வேண்டிய பிரச்சினை.

பொலிஸில் கூடுதல் கவனம் தேவை. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கீழே ஒப்பமிடச் சொல்வது நடக்கிறது. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தமிழில் வாசித்துக் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள். அப்புறம் விஷயம் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனால், 24ஆம் உறுப்புரைப்படி வழக்கில் சம்பந்தப்பட்டவர் தமிழில் பங்குபற்றலாம், உரைபெயர்ப்பாளரை அரசாங்கம் தர வேண்டும். அதற்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை.

பிள்ளைகளின் படிப்புக்கு 21ஆம் உறுப்புரை இருக்கிறது: சிங்களம், தமிழ் இரண்டில் எந்த மொழி மூலமும் படிக்க உரித்து உண்டு. கிட்டத்தில் தமிழ்மூலப் பாடசாலை இல்லாததால் பிள்ளையைச் சிங்கள மூலத்தில் சேர்க்கிற பெற்றோரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் தமிழ் வாசிக்கப் பழக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடிதத்துக்கும் பலன் இல்லையென்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான இந்த ஆணைக்குழு ராஜகிரியவில், பாஷா மந்திரயக் கட்டடத்தில் இயங்குகிறது. முறைப்பாட்டை விசாரித்துச் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்குப் பரிந்துரை செய்ய அதற்கு அதிகாரம் உண்டு. வேண்டுமென்றே மறுக்கும் அதிகாரி மீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. திகதி, நேரம், அலுவலகம், கவுண்டர் இலக்கம், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று விபரமாக எழுதி, கடிதப் பிரதியையும் இணையுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

பெரிய விஷயமாக இருந்தால் உயர் நீதிமன்றம் (Supreme Court) இருக்கிறது. 126ஆம் உறுப்புரை அடிப்படை உரிமையோடு மொழியுரிமையையும் சேர்த்தே சொல்கிறது. அங்கே போவதற்குக் காலக்கெடு ஒரு மாதம். முதலில் ஆணைக்குழுவின் பதிலைப் பார்ப்போம் என்று காத்திருந்தால் அந்த மாதம் போய்விடும். உயர் நீதிமன்றம் போகும் யோசனை இருந்தால், சம்பவம் நடந்த அதே வாரத்தில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள்.