சிவந்த கண்ணும் பச்சை முகமும்: ஃப்ளாஷ் வெளிச்சம் எங்கே போய்விட்டு வருகிறது?

போன சித்திரையில் காட்பாடியில் சித்தி பேரனுக்குக் காதுகுத்து. வீட்டுக் கூடத்திலேயே சாயங்காலம் வைத்திருந்தார்கள். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர், மேலே ஒரு குண்டு பல்பு, வாசலில் சீரியல் லைட். அறுபது படம் எடுத்திருப்பேன். மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், தாய்மாமன் மடியில் இருக்கிற குழந்தைக்கு இரண்டு கண்ணும் நெருப்பு மாதிரி சிவப்பு. ஃப்ளாஷைச் சுவர்ப்பக்கம் திருப்பி எடுத்த படங்களில் கண் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆயாவின் முகத்தில் ஒரு பாதி பச்சை.

இரண்டும் வேறு வேறு கோளாறு போலத் தெரியும். உண்மையில் ஒன்றுதான். வெளிச்சம் லென்ஸுக்குள் நுழைவதற்கு முன்னால் எந்த இடத்தைத் தொட்டுவிட்டு வந்ததோ, அந்த இடத்தின் நிறத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. ஆயா முகத்துப் பச்சை, சுவரைத் தொட்டுவிட்டு வந்தது. குழந்தை கண்ணின் சிவப்பு, அந்தக் கண்ணுக்குள்ளேயே போய்விட்டு வந்தது.

கண்ணின் கருமணி நடுவே இருக்கிற பாவை ஒரு துளை, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் விழித்திரை, அதற்கும் பின்னால் ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகிற ஒரு அடுக்கு. ஃப்ளாஷ் வெளிச்சம் பாவை வழியாக உள்ளே போய் அந்த ரத்தச் செழிப்பான சுவரில் பட்டுச் சிவந்து திரும்புகிறது. சரி, அப்படியானால் நாம் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கும்போது மட்டும் ஏன் கறுப்பாகத் தெரிகிறது? கண்ணில் இருக்கிற லென்ஸ், உள்ளே போன வெளிச்சத்தை வந்த திசைக்கே ஏறக்குறையத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் விளக்கு இருக்கிற இடத்தில் நம் கண் இருக்க வேண்டும், ஆனால் அங்கே தலையை வைத்தால் விளக்கையே மறைத்துவிடுவோம். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். கண்ணாடித் தகட்டை வைத்து வெளிச்சத்தைத் தன் பார்வைக் கோட்டிலேயே அனுப்பி, உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்க்கும் கருவியை 1851-இல் வெளியிட்டார். வேலூரில் ஷெல் கண் மருத்துவமனையில் டாக்டர் ஒரு சின்னக் கருவியைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பதும் அதே வழியில்தான். மருத்துவர்கள் வேண்டிச் செய்கிற இந்த வேலையை, லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃப்ளாஷ் வைத்த சின்ன கேமரா யாரும் கேட்காமலேயே செய்துவிடுகிறது.

இதில் கோணம்தான் எல்லாம். ஃப்ளாஷும் லென்ஸும் 5 செ.மீ. தள்ளி இருக்கின்றன என்று வையுங்கள். 1 மீட்டரில் நிற்பவரின் கண்ணிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 3 டிகிரி. 3 மீட்டருக்குப் பின்வாங்கி ஜூம் செய்தால் 1 டிகிரிக்கும் கீழே போய்விடும், சிவப்பு நன்றாக விழும். தூரம் போனால் ஃப்ளாஷ் உறைக்காது, அதனால் கண்ணும் சிவக்காது என்று நினைப்பவர்கள் உண்டு, நடப்பது நேர் எதிர். கிட்டே போங்கள்.

அடுத்தது இருட்டு. நல்ல வெளிச்சத்தில் பாவை சுமார் 2 மி.மீ. அகலம், இருட்டில் இளம் வயதினருக்கு 8 மி.மீ. வரை விரியும். அகலம் நான்கு மடங்கு என்றால் பரப்பு பதினாறு மடங்கு. வயதாக ஆக பாவை அவ்வளவு விரிவதில்லை, அதனால்தான் ஒரே படத்தில் பேரனுக்குச் சிவக்கிறது, ஆயாவுக்குச் சிவப்பதில்லை. பாவை சுருங்க ஆரம்பிக்கவே ஏறக்குறைய 1/5 நொடி ஆகும், ஃப்ளாஷோ 1/1000 நொடி அளவில் வேலையை முடித்துவிடும், கண்ணுக்கு அவகாசமே இல்லை. கேமராவில் சிவப்புக் கண் தடுப்பு என்று ஒன்றைப் போட்டால் முதலில் சில தடவை மினுக்கிவிட்டு அப்புறம் எடுக்கிறதே, அது பாவையைச் சுருக்கத்தான். எனக்கு அது பிடிக்காது, முதல் மினுக்கிலேயே படம் எடுத்தாகிவிட்டது என்று குழந்தை எழுந்து ஓடிவிடும். கூடத்து விளக்கையெல்லாம் போட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

ஃப்ளாஷைத் தனியாக மாட்டுகிற வசதி இருந்தால் மேலே திருப்பி, கூரையில் பட்டு இறங்க விடுங்கள், வெளிச்சம் வேறு கோணத்தில் வருவதால் சிவப்பு போயே போய்விடும். ஆனால் பச்சை முகம் ஆரம்பிப்பதும் இங்கேதான், ஏனென்றால் இனிமேல் முகத்தில் விழுவது ஃப்ளாஷ் வெளிச்சம் இல்லை, சுவரின் வெளிச்சம். வெள்ளைக் கூரை என்றால் கவலை இல்லை. சாமியானா துணி, மர உத்தரம், நீலச் சுவர் என்றால் அந்த நிறம் தோலில் ஏறும். அரக்குக் கலர் ஆரணிப் பட்டு கட்டியவரின் தாடைக்குக் கீழே ஒரு செம்மை விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அது மடியிலிருந்து எழும்பிய வெளிச்சம், அதை நான் நீக்குவதே இல்லை, அழகாகவே இருக்கிறது. பச்சைச் சுவருக்கு ஒரு வெள்ளை தெர்மாகோல் பலகை போதும், யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி அதில் பட்டுத் திரும்பும்படி ஃப்ளாஷை அடிக்கலாம்.

இன்னொரு நிறத் தொல்லை, விளக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற கெல்வின் கணக்கில் ஃப்ளாஷ் பகல் வெளிச்சம் போல சுமார் 5500. குண்டு பல்பு 2700 பக்கம், மஞ்சள். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் ஒன்றைத்தான் வெள்ளையாக்க முடியும், முகத்தைச் சரிசெய்தால் பின்னால் எல்லாம் ஆரஞ்சு, பின்னணியைச் சரிசெய்தால் முகம் நீலம். ஃப்ளாஷ் முன்னால் ஜெல் என்கிற ஆரஞ்சு நிற ஒளிபுகும் தாளை ஒட்டி அதையும் பல்பின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் சண்டை தீர்ந்தது, அப்புறம் ஒயிட் பேலன்ஸை பல்புக்கு வைத்துவிட வேண்டியதுதான். ஜெல் இல்லையா? ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/60 நொடியிலிருந்து 1/200 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். பல்பின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கும், ஃப்ளாஷ் அப்படியே இருக்கும், பின்னணி கொஞ்சம் இருளும்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு வேறு கணக்கு, அது சாதாரண கண்ணாடிப் பிரதிபலிப்பு. முகவாயை லேசாக இறக்கச் சொன்னாலோ, காதோரக் கம்பியைச் சற்றுத் தூக்கிவிட்டாலோ மினுக்கம் கீழே போய்விடும்.

எடுத்தாகிவிட்டது, கண் சிவப்பு, என்ன செய்வது? நிறைய பேர் கறுப்புப் பிரஷ்ஷால் அப்பிவிடுகிறார்கள், கண் பொம்மைக் கண் ஆகிவிடும். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவு உண்டு. சிவந்த பாவையில் சிவப்பு அளவு மட்டும்தான் எகிறியிருக்கும், பச்சை, நீல அளவுகள் கெடாமல் இருக்கும். அந்த இரண்டின் சராசரியைச் சிவப்பின் இடத்தில் வைத்தால் போதும், நல்ல மென்பொருள்கள் இதைப் போலத்தான் செய்கின்றன. நடுவில் இருக்கிற வெள்ளைப் புள்ளியைத் தொடாதீர்கள். அது கண்ணின் மேற்பரப்பில் பட்ட மினுக்கம், முகத்துக்கு உயிரே அதுதான்.

குழந்தைகள் படத்தில் மட்டும் திருத்துவதற்கு முன்னால் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு கண் சிவப்பு, இன்னொன்று வெள்ளையாகவோ மங்கின மஞ்சளாகவோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். அந்தக் கண் மூக்குப் பக்கமாகச் சற்றுத் திரும்பியிருந்தால் வெளிச்சம் பார்வை நரம்பு நுழையும் வெளிர் வட்டத்தில் பட்டும் அப்படி விழும், அதில் பயமில்லை. ஆனால் கண்புரையும், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிற விழித்திரைப் புற்றுநோயும் கூட வெள்ளையாகத்தான் திரும்புகின்றன, வீட்டுப் படத்தில் முதலில் தெரிந்து, நேரத்தோடு கவனிக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. வேறு படத்திலும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல், அந்தப் படத்தை அப்படியே திருத்தாமல் போனில் வைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் குழந்தையைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.