பால் தம்ளரில் பச்சைக்கல்லைப் போடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணப் பேச்சு தொடங்கினால் பெட்டகத்திலிருந்து பழைய பச்சைக்கல் நகைகள் வெளியே வரும். கூடவே ஒரு தம்ளர் பாலும் வரும். ‘பால் பச்சையாயிருச்சு, அசல் மரகதந்தான்’ என்று விலையையும் பேசி முடித்துவிட்டுத்தான் கல்லைச் சோதனைக்கே கொண்டுவருகிறார்கள். போதும், ஆச்சிமார்களே!

பாலில் எந்தப் பச்சைக் கல்லைப் போட்டாலும் ஒளி அதன் வழியே வந்து சுற்றிலும் பச்சைச் சாயல் காட்டும். உடைந்த பாட்டில் சில்லும் காட்டும். கல்லை எடுத்த பிறகும் பால் பச்சையாகவே இருந்தால் இன்னும் மோசம், சாயம் கசிகிறது என்று பொருள். மரகதத்தின் பச்சைக்குக் காரணமான குரோமியமும் வனேடியமும் படிகத்துக்குள்ளேயே இருப்பவை, பாலில் கரையாது. ஆக, இந்தச் சோதனையில் சாயமேற்றிய கல்தான் முதல் மதிப்பெண் வாங்கும். போதாததற்கு, பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய நகையில் பால் உள்ளே இறங்கினால் கல்லுக்கு அடியிலுள்ள தகடு கறுத்துப் போகும்.

‘ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த மரகதம்’ என்பதும் அடிக்கடி கேட்பது. பர்மாவுக்குப் பேர் மாணிக்கமும் ஜேடும். அங்குள்ள மோகோக் சுரங்கப் பக்கத்துப் பச்சை என்றால் பெரிடாட் என்ற வேறொரு பச்சைக்கல்லாகவும் இருக்கலாம். மரகதத்தின் ஒளிவிலகல் எண் (ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்ற அளவு) 1.57–1.58 சுற்றி, பெரிடாட்டுக்கு 1.65-க்கு மேல். கருவியில் வைத்தால் ஒரு நிமிட வேலை.

உள்ளே கீற்றே இல்லாத பெரிய கல் மலிவாக வந்தால் சந்தேகப்படுங்கள். பத்து மடங்கு லென்ஸில் உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி. குமிழி இல்லாததாலேயே அசலாகிவிடாது, ஆய்வகத்தில் வளர்த்த மரகதமும் சந்தையில் உண்டு. செல்சி வடிகட்டி என்னும் நிறக் கண்ணாடி வழியே கல் சிவப்பாகத் தெரிந்ததை மட்டும் நம்பி விலை சொல்பவரையும் நம்பாதீர்கள். செயற்கை மரகதமும் நன்றாகவே சிவக்கும், சாம்பியாவின் அசல் கல் பல நேரம் சிவக்காது.

பெரும்பாலான மரகதங்களின் விரிசல்களில் எண்ணெயோ பிசினோ ஏற்றியிருப்பார்கள். அது மோசடியில்லை, சொல்லாமல் விற்பதுதான் மோசடி. எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொதிக்க வைக்காதீர்கள். கடையில் ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவும் விடாதீர்கள். இரண்டிலும் எண்ணெய் வெளியேறி, மறைந்திருந்த விரிசலெல்லாம் வெளுத்துத் தெரியும். பத்தர் பற்றவைக்கும் முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். தயவுசெய்து, வைரத்தோட்டோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.