மூன்று பாய்களும் நாற்பது நிமிடமும்

மூன்றாம் வகுப்பில் 24 பிள்ளைகள். ஆங்கிலப் பாடவேளை 40 நிமிடம். முதன்முதலில் கற்றல் மூலைகள் அமைத்தபோது ஆறு மூலைக்குத் திட்டம் போட்டேன். கேட்க, படிக்க, எழுத, வரைய, விளையாட, பேச என்று ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடம். பிள்ளைகள் உட்கார்ந்து அட்டையைப் பிரிப்பதற்குள் கைதட்டி எழுப்ப வேண்டியிருந்தது. "டீச்சர், இதுல என்ன செய்யணும்?" என்று எல்லாப் பக்கமும் குரல். எந்தப் பிள்ளையும் ஒரு முழு வாக்கியத்தைக்கூட ஆங்கிலத்தில் பேசாமலே மணி அடித்துவிட்டது. அதுதான் எனக்கு வலித்தது. பலருக்கு ஆங்கிலம் காதில் விழுவதே அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

இப்போது ஆறு மூலைக்குப் பதில் மூன்றே பாய்கள், பாய்க்கு எட்டுப் பேர், பத்து நிமிடம். ஒன்றில் நான் பிள்ளைகளோடு உட்காருவேன். அந்த என் பாயில் என்ன பேசப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்கிறேன். மற்ற இரண்டும் அந்தப் பேச்சுக்கு எனக்கு நேரம் வாங்கித் தருபவை. அதனால் புதிய சொல் என் பாயில் மட்டும்தான். முழு வகுப்பாகச் செய்து பழகாத எந்த வேலையையும் மற்ற பாய்களில் வைப்பதில்லை.

எட்டுப் பேர் என்றால் ஒவ்வொரு வாயையும் பார்க்கலாம். குண்டூசியைக் குறிக்கும் 'பின்', குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்' இரண்டையும் தமிழில் எழுதினால் ஒன்றேதான். 24 பேர் கூட்டமாகச் சொல்லும்போது யார் எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாது. என் பாயில் உதட்டுக்கு முன்னால் ஒரு தாள் துண்டைப் பிடிக்கச் சொல்வேன். குண்டூசிக்குக் காற்றை ஊதிச் சொன்னால் தாள் ஆடும், தொட்டிக்கு ஆடாது. தொட்டிக்கு வேண்டிய முதல் ஒலி 'தம்பி'யில் 'ம்'முக்குப் பின் வருவதுதான், அது அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அதைச் சொல்லின் முதலில் கொண்டுவருவதுதான் புதிது.

விளையாட்டுப் பாயில் ஒருவர் மின்னட்டையை (ஃபிளாஷ் கார்டு) மறைத்துக்கொள்வார். மற்றவர்கள் "இஸ் இட் எ கவ்?" என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். யார் முதலில், யார் அப்புறம் என்ற சண்டையெல்லாம் தமிழில் நடக்கட்டும், தடுக்காதீர்கள். கேள்வி மட்டும் ஆங்கிலத்தில் வந்தால் போதும். மூன்றாவது பாயில் அதே சொற்களுக்குப் படம் வரைந்து எழுதுவார்கள்.

தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான எண்ணும் எழுத்தும் 2022இல் வந்தபிறகு, பிள்ளைகளைக் கற்றல் திறன்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் ஆசிரியர்களான நமக்குப் பழகிவிட்டன. ஆனால் அதே பிரிவை எல்லா வேலைக்கும் வைக்காதீர்கள். வாசிப்பில் தொடக்க நிலையான அரும்பில் இருந்த ஒரு சிறுமிதான் எங்கள் வகுப்பில் தயங்காமல் கேள்வி கேட்பவள். அரும்புப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் யாரிடமிருந்து ஆங்கிலத்தைக் கேட்பார்கள்? அதனால் எட்டுப் பேரைக் கலந்துதான் பிரிக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறீர்களா? முதல் வாரம் பாடமே வேண்டாம். எழுந்து, பாய் மாறி, உட்காருவதை மட்டும் பழக்குங்கள். எங்கள் வகுப்பில் நான்கு நிமிடம் எடுத்தது, ஐந்தாம் நாள் ஒரு நிமிடத்துக்கு வந்துவிட்டது.