என்.டி.ஏ. தவறினால் அடுத்து என்ன? கல்லூரி அட்மிஷனிலேயே தொடங்குகிறது பதில்

கல்லூரியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பொறுப்பைப் பார்ப்பதால், அட்மிஷன் நேரத்தில் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பையன் என்.டி.ஏ.வில் தவறிட்டான் சார். ஒரு வருஷம் வீட்டிலிருந்து படிக்கட்டுமா?"

வேண்டாம். என்.டி.ஏ. என்பது பிளஸ் டூ முடித்தவர்களை முப்படை அதிகாரிகளாக்கப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. அதற்கு வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. தேர்வு ஆண்டுக்கு இருமுறை. வயது இருந்தால் கல்லூரியில் படித்துக்கொண்டே மறுபடி எழுதலாம். வருடத்தை வீணாக்குவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதிகாரியாக வேறு வழியில் போவதற்கான ஏற்பாட்டைக் கல்லூரி முதலாம் ஆண்டிலேயே தொடங்கியாக வேண்டும்; வீட்டில் இருந்தால் அது தள்ளிப்போகும்.

ராணுவ அதிகாரியாவதற்கான என்.சி.சி. சிறப்பு நுழைவையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பில் 50 சதவீதம், என்.சி.சி.யின் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, 19 முதல் 25 வயது. எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பம் தேறினால் நேரே எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரித் தேர்வு நேர்காணல்தான். ஆனால் அதற்கு முந்தைய நிலையான 'பி' சான்றிதழ் பெற்றவர்தான் மூன்றாம் ஆண்டில் 'சி' எழுத முடியும். இரண்டாம் ஆண்டு பாதியில் ஆசை வந்து, "என்னையும் சேர்த்துக்குங்க சார்" என்று நிற்கிற பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது மனசு கேட்பதில்லை. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஹாஸ்டல், பஸ் எல்லாம் விசாரிக்கிறோம். அங்கே என்.சி.சி. இருக்கிறதா, மாணவிகளுக்கும் இடம் உண்டா என்பதையும் அன்றே கேளுங்கள்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்த பையன்களுக்கு டி.இ.எஸ். என்ற ராணுவத் தொழில்நுட்ப நுழைவும் உண்டு. இந்த மூன்று பாடங்களிலும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்கவும் வேண்டும். "நமக்கு எதுக்கு ஜே.இ.இ." என்று விட்டுவிட்டு, பிறகு வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாட்களைத் தாண்டியாக வேண்டும். முதல் நாளே ஒரு மங்கலான படத்தை அரை நிமிடம் காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு குழுவில் உட்கார்ந்து அதைப் பேச வேண்டும். அதில் தேறாதவர்கள் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். பதினேழு வயதில் அந்தக் குழுவில் வாய் திறக்காத பிள்ளை, மூன்று வருடம் கேம்ப்புக்குப் போய், நாற்பது பேருக்கு டிரில் சொல்லிக் கொடுத்துவிட்டு இருபத்தொன்றில் போகும்போது வேறு ஆளாக இருக்கிறது. அதனால் பட்டப்படிப்பு வழியைத் தோற்றவர்களின் வழி என்று நான் ஒருபோதும் நினைப்பதில்லை.

படிப்பை மட்டும் அலட்சியமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். என்.சி.சி. சிறப்பு நுழைவில் கிடைப்பது ஷார்ட் சர்வீஸ், அதாவது குறுகிய காலப் பணி. அந்த அதிகாரிக்குப் பணிக்காலம் பத்து ஆண்டு. மேலும் நான்கு ஆண்டு நீட்டிக்கலாம். நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாவிட்டால் முப்பத்தைந்து வயதை ஒட்டி ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வர நேரும். அன்றைக்கும் கைகொடுக்கிற பட்டமாக இருக்கட்டும்.

இன்னொன்று, உடல் தகுதி. எஸ்.எஸ்.பி.யில் தேறிய பிறகு மெடிக்கலில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டையைக் காட்டிச் செய்யும் நிறப் பார்வைச் சோதனை, தட்டைப் பாதம், நேராக நிற்கும்போது ஒட்டிக்கொள்ளும் முழங்கால்கள் இவற்றையெல்லாம் பிளஸ் டூ முடிந்ததுமே அரசு மருத்துவமனையில் காட்டிவிடலாம். சரிசெய்யக்கூடியதற்கு அவகாசம் கிடைக்கும்.

மகள்களைப் பெற்றவர்களுக்கு: ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். என்.டி.ஏ.வில் முதல் பெண்கள் அணி சேர்ந்தது 2022இல். என்.சி.சி. சிறப்பு நுழைவு அவர்களுக்கும் உண்டு.

பட்டதாரிகளுக்கான அதிகாரித் தேர்வான சி.டி.எஸ்.ஸைக் கடைசி வருடம் படிக்கும்போதே எழுதலாம். ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் என்றால் ஆங்கிலமும் பொது அறிவும் போதும், கணிதத் தாள் கிடையாது. டேராடூன் இந்திய ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வுக்குக் கணிதமும் உண்டு. வயது வரம்பும் 24தான். ஓ.டி.ஏ.வுக்கு 25 வரை போகலாம். விண்ணப்பத்தில் விருப்ப வரிசை கேட்கும் இடத்தில் ஐ.எம்.ஏ.வை மட்டும் குறித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கடைசி விருப்பமாகவாவது ஓ.டி.ஏ.வையும் சேருங்கள். குறிக்காத அகாடமிக்கு உங்கள் பெயர் பரிசீலனைக்கே போகாது.