உர மானியம்: யார் கைக்குப் போகிறது?

பட்ஜெட் நாளில் தவறாமல் காதில் விழும் சொல் ‘உர மானியம்’. 2022-23இல் இந்திய அரசு இதற்குச் செலவிட்டது சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்.

மானியம் வடமொழி ‘மான்ய’ வழி வந்த சொல். மதிப்புக்குரியது என்று பொருள். சன்மானம்கூட இதற்குச் சொந்தம்தான். தமிழில் இது முதலில் ஒட்டிக்கொண்டது நிலத்தோடு. கோயிலுக்கும் ஊர்ப்பணி செய்பவர்களுக்கும் வரி தள்ளிக் கொடுத்த நிலம் மானிய நிலம். சோழர் கல்வெட்டுகளில் வரியற்ற நிலத்துக்கு ‘இறையிலி’ என்ற அருமையான சொல் உண்டு. இறை என்றால் வரி. மானியத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘சப்சிடி’யின் கதை வேறு. லத்தீனில் ‘சப்சிடியம்’ என்பது போரில் பின்வரிசையில் காத்திருந்த துணைப்படை. அப்புறம் உதவி என்றாகி, உதவிப் பணம் என்றானது.

சரி, உரத்துக்கு வருவோம். 1977இல் அரசு ஒவ்வொரு யூரியா ஆலையின் உற்பத்திச் செலவையும் கணக்கிட்டு, வரி போக 12 சதவீத ஆதாயமும் சேர்த்து, ஆலைக்கு ஆலை ஒரு விலை வைத்தது. விவசாயிக்கு விற்கும் விலையோ அதைவிடக் குறைவு. இடையில் விழுந்த துண்டை அரசு கட்டியது. கூடுதல் செலவில் ஓடிய ஆலைக்குக் கூடுதல் பணம்! ஆலைகள் பெருகின, மறுக்கவில்லை. ஆனால் சிக்கனம் பிடிக்க யாருக்கு அவசரம்? 2003இல் இந்த முறை மாறியது. 2010 முதல் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) உரங்களுக்குச் சத்தின் அளவை வைத்து மானியம். யூரியா மட்டும் இன்றும் விலைக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது: 45 கிலோ மூட்டை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் சேர்த்து, 266 ரூபாய் 50 காசு.

உரக்கடையில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். விவசாயி ஆதார் எண் சொல்லி, கருவியில் விரல் வைத்து, மூட்டையை வாங்கிப் போகிறார். அந்த விற்பனைப் பதிவை வைத்துத்தான் கம்பெனி அரசிடம் பணம் கேட்கிறது. ‘நேரடி மானியம்’ என்று இதற்குப் பெயர். நேரடியாகப் போவது கம்பெனிக்கு! அரசு இழுத்தடித்தால் கம்பெனி கடன் வாங்கி ஓட்ட வேண்டும், வட்டி லாபத்தைத் தின்னும். நிலுவை அப்படிக் குவிந்துகிடந்ததால்தான் 2020 நவம்பரில் கூடுதலாக 65,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். உரக் கம்பெனியின் லாப நட்டத்தைப் படிப்பவர்கள் விற்பனைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, அரசிடமிருந்து வரவேண்டிய பாக்கியைத்தான்.

மானியத்தைத் தனித்தமிழில் என்ன சொல்லலாம்? ‘நல்கை’ என்பார்கள். பல்கலைக்கழக நல்கைக்குழு என்று அது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அது மனமுவந்து கொடுப்பது. கல்விக்கும் ஆய்வுக்கும் சரி, இங்கே பொருந்தாது. உரத்தில் நடப்பது விலைக் குறைவை ஈடுகட்டும் வேலை. எனவே ‘விலை ஈடு’ என் தேர்வு. பேச்சில் மானியம் இருந்துவிட்டுப் போகட்டும். கணக்கு எழுதும்போதாவது ‘யூரியா விலை ஈடு, வரவேண்டியது’ என்று எழுதலாம்.